கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை சனி, ஞாயிறு ஊர் சுற்றலாமா? கெம்னிட்ஸிலிருந்து சில குறிப்புகள்

13 அக்டோபர் 2024
ஒரு தந்தையின் கேள்வி

“மகன் ஜெர்மனியில் எம்.எஸ். சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. பேங்க் லோன் போட்டு அனுப்பியிருக்கோம். சனிக்கிழமை ஆனா ஒரு கோட்டை, ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு மலைன்னு ஸ்டேட்டஸ் போடறான். கேட்டா ‘செலவே இல்லைப்பா’ங்கறான். செலவில்லாம எப்படி ஊர் சுத்த முடியும்? படிக்கப் போன இடத்துல இது தேவையா? அங்கே இருக்கிற பிள்ளைங்க யாராவது உண்மையைச் சொல்லுங்க.”

13 அக்டோபர் 2024, இரவு

ஐயா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. நான் கெம்னிட்ஸில் படிக்கிறேன். கிழக்கு ஜெர்மனி, சாக்சனி மாநிலம். எனக்கும் லோன்தான்.

விமானம் ஏறி பாரிஸ், ரோம் என்று போய் ஹோட்டலில் தங்குவது ஒன்று. காலையில் டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ரயிலில் போய், ராத்திரி சொந்தக் கட்டிலில் வந்து படுப்பது இன்னொன்று. ஸ்டேட்டஸில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பேங்க் பாஸ்புக்கில் அப்படித் தெரியாது.

கணக்கைச் சொல்கிறேன். விசாவுக்காக ப்ளாக்டு அக்கவுண்டில் போடும் பணம் 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். என் விடுதி அறை 260 யூரோ. மருத்துவ இன்சூரன்ஸ் 120-க்கு மேல். சமைத்துச் சாப்பிட்டால் 170, 180 ஆகும். ரேடியோ, டிவி கட்டணம் என்று ஒன்று உண்டு, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் கட்டியே ஆகவேண்டும். ஒரே ஃப்ளாட்டில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம்.

இனி ரயில். 2023 மே மாதம் டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்தது. மாதம் 49 யூரோவுக்கு ஜெர்மனி முழுக்க எல்லா உள்ளூர் ரயில், டிராம், பஸ்ஸிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி மாதிரி வேகமான ரயில்களில் மட்டும் ஏற முடியாது. இந்த வருஷம் கோடை செமஸ்டரிலிருந்து மாணவர்களுக்கு அதையே 60 சதவீத விலைக்குத் தருகிறார்கள், மாதம் 29.40 யூரோ. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். ஊர் சுற்றினாலும் அந்தப் பணம் போனதுதான், அறைக்குள்ளேயே கிடந்தாலும் போனதுதான். உங்கள் மகன் சொன்ன ‘செலவே இல்லை’ இதுதான்.

14 அக்டோபர் 2024

“அப்படின்னா எல்லாரும் ஏன் பஞ்சப்பாட்டு பாடறாங்க?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூனிக்கில் அறை கிடைத்தவருக்கு இந்த 992 வாடகையிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும். கெம்னிட்ஸில் வாடகை மலிவு. ஊரைப் பொறுத்த விஷயம் இது. கல்லூரித் தரவரிசையைப் பார்க்கிறவர்கள் வாடகையையும் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

20 அக்டோபர் 2024, ஞாயிறு

படிக்கப் போன இடத்தில் இது தேவையா என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று ஒரு அக்கா சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான்.

இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்காதவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். பேக்கரி சிலது காலையில் கொஞ்ச நேரம் திறக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், அவ்வளவுதான். வாஷிங் மெஷின் போட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். சுவரில் ஆணி அடிக்க முடியாது. காலி பாட்டிலைக் கொடுத்து 25 சென்ட் டெபாசிட்டைத் திரும்ப வாங்கலாம் என்றால் அந்த மெஷினும் பூட்டிய கடைக்குள் இருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. சனிக்கிழமை சாயந்தரம் பாலும் வெங்காயமும் வாங்கி வைக்காதவர்கள் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாரநாளில் யாரும் என்னைத் தேடமாட்டார்கள். வகுப்புக்கு வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை, பெரும்பாலான பாடங்களில் வருகைப் பதிவே கிடையாது. பரீட்சை செமஸ்டர் முடிவில் ஒன்றே ஒன்று. நம் கல்லூரிகளில் இன்டர்னல், அசைன்மென்ட் என்று யாராவது துரத்திக்கொண்டே இருப்பார்கள். இங்கே அது இல்லை. வெள்ளி மாலை அறைக்குள் போனவர் திங்கள் காலை வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட முடியும். அப்படி ஆகிப்போனவர்களை என் விடுதியிலேயே பார்த்திருக்கிறேன். முதலில் சாப்பாடு நேரம் மாறும். அப்புறம் தூக்கம். பிறகு வகுப்பு. கடைசியில் அம்மாவிடம் போனில் ‘எல்லாம் நல்லா இருக்கேன்’ மட்டும் மிஞ்சும்.

ஞாயிறு காலை 8 மணி ரயிலுக்கு நாலு பேர் ஸ்டேஷனில் நிற்பார்கள் என்றால் சனி ராத்திரி நேரத்தோடு தூங்கவேண்டும், சாப்பாடு கட்டவேண்டும், ஷூவைக் காயவைக்க வேண்டும். படிப்புக்கு இடைஞ்சல் என்று நீங்கள் நினைப்பதுதான் என் வாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

27 அக்டோபர் 2024

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியாயிற்று. இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை இந்தியாவுக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். வீட்டில் போன் பேசும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். டிசம்பரில் சாயந்தரம் 4 மணிக்கே சூரியன் போய்விடும். வெளிச்சம்தான் முதலில் தீர்ந்துபோகிறது. வெயில் இருக்கிற நாளைப் படுக்கையில் கழிக்காதீர்கள்.

10 நவம்பர் 2024

எங்கே போகிறீர்கள் என்று பலர் கேட்டதால் முதலில் ராட்டன் என்ற ஆற்றங்கரை ஊர். டிரெஸ்டனுக்கு ஒரு மணி நேரம் போல். அங்கே எஸ்-1 ரயிலில் மாறினால் எல்பே ஆற்றங்கரையோரமாகவே போகும். ராட்டன் ஸ்டேஷனில் இறங்கினால் ஊர் அக்கரையில். பாலம் கிடையாது, படகுதான். அந்தப் படகில் இன்ஜின் இல்லை. ஆற்றின் மேல்பக்கம் நங்கூரம் போட்ட நீண்ட இரும்புக் கயிற்றில் அதைக் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி படகைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுக்க, ஓடுகிற தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு போய் மறுகரையில் விட்டுவிடுகிறது. மெக்கானிக்கல் படிக்கும் என் தோழி மலையேறுவதை மறந்து இரண்டு முறை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்தாள்.

மேலே பாஸ்டை பாறைகள். ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரம். பாறைகளுக்கு நடுவே மணற்கல்லில் கட்டிய பாலம் 1851-ல் முடிந்தது. பாலத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. எல்லாரும் பாலத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கமாகப் போய்விடுவார்கள். நீங்கள் வந்த வழியே இறங்காமல் அம்செல் ஏரிப் பக்கமாக இறங்குங்கள். பாறை இடுக்குகளில் படி இறங்கும், சில இடத்தில் தோள் உரசும். நவம்பரில் இலைச்சருகு நனைந்து வழுக்கும், அதனால் நல்ல ஷூ வேண்டும். இந்த ஒரு பொருளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

12 நவம்பர் 2024

சாப்பாடு பற்றி நிறையக் கேள்வி. சுருக்கமாக: அரிசி, பருப்பு, உளுந்து, புளி இந்திய, ஆசியக் கடைகளில் கிடைக்கும். கறிவேப்பிலை விலை கண்ணைக் கட்டும். தேங்காய்த் துருவல் ஃப்ரோசனில் வாங்குங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க மாவை அதில் வையுங்கள். என் ஃப்ளாட்டில் உள்ள ஜெர்மன் பெண் ஒருநாள் காலை அதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாள்: “உன் மாவு உயிரோடு இருக்கிறது.” இப்போது இட்லி ஊற்றினால் அவளுக்கும் ஒரு தட்டு.

ரயிலுக்குப் புளிசாதம், எலுமிச்சைசாதம், சப்பாத்தி உருளைக்கிழங்கு. தயிர்சாதம் குளிரில் கட்டிபோல ஆகிவிடுகிறது.

24 நவம்பர் 2024

ஒரு அம்மா தனிமடலில் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். மகளுக்குக் கெம்னிட்ஸில் இடம் கிடைத்திருக்கிறது. இணையத்தில் 2018 ஆகஸ்டில் இங்கே நடந்ததைப் படித்துவிட்டுப் பயந்திருக்கிறார்.

நடந்தது உண்மை. தீவிர வலதுசாரிக் கும்பல்கள் தெருவில் வெளிநாட்டவரைத் துரத்திய நாட்கள் அவை. அரசியலும் மாறிவிடவில்லை. இந்த வருஷம் செப்டம்பர் 1 அன்று நடந்த சாக்சனி மாநிலத் தேர்தலில் வெளிநாட்டவர் வருகையை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 30.6 சதவீத ஓட்டு வாங்கியது. இதை மறைத்து ‘எல்லாம் சூப்பர்’ என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

என் அனுபவத்தையும் அப்படியே சொல்கிறேன். ஒரு மாலை டிராமில் குடித்திருந்த ஒருவர் என்னைப் பார்த்து உங்கள் நாட்டுக்குப் போ என்று கத்தினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடமும் நான் ஏதும் பேசவில்லை. என் நிறுத்தம் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அவரும் கூடவே இறங்கி, எதிர்ப்பக்க டிராமுக்கு நடந்தார். எனக்காகத் தன் நிறுத்தத்தைத் தாண்டி வந்திருக்கிறார். இரண்டுமே இந்த ஊர்தான், அம்மா.

நாங்கள் கடைப்பிடிப்பது: சிறிய ஊர்களுக்குப் பகலில், இருவராவது சேர்ந்து. கால்பந்துப் போட்டி முடிந்த கூட்டம் ஏறும் ரயிலைத் தவிர்ப்போம். கடைசி ரயிலை நம்பி இருப்பதில்லை, அதற்கு முந்தின ரயிலைப் பிடிப்போம். 110 போலீஸ், 112 ஆம்புலன்ஸ், தீயணைப்பு.

25 நவம்பர் 2024

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். பகலில் போங்கள், சேர்ந்து போங்கள் என்று பெண்பிள்ளைக்கு மட்டும் சொன்ன மாதிரி இருக்கிறது. என் வகுப்புப் பையன்களுக்கும் அதே விதிதான். கத்தல் அவர்களுக்குத்தான் இன்னும் அதிகமாக விழுகிறது, வீட்டில் சொல்வதில்லை. மகனை வைத்திருக்கும் பெற்றோரும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

15 டிசம்பர் 2024

டிசம்பரில் எங்கள் ஊரை விட்டுத் தொலைவுக்குப் போகவே வேண்டாம். தெற்கே எர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடர், தாது மலைகள். வெள்ளி, தகரம் தோண்டிய பூமி. 2019-ல் இந்தச் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும் எல்லா ஜன்னலிலும் மரத்தில் செய்த வளைவு விளக்கு எரியும். இருட்டில் ரயிலில் வரும்போது மலைச்சரிவு முழுக்க ஜன்னல் ஜன்னலாக அதுதான் தெரியும்.

ஸைஃபன் கிராமத்துக்கு ரயில் கிடையாது, பஸ்தான். தகரம் வற்றிப்போனதும் சுரங்கக்காரர்கள் மர பொம்மைக்கு மாறிய ஊர். அங்கே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஒருவர் கடைசல் பிடிப்பதை வெகுநேரம் நின்று பார்த்தேன். ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்தின் அடித்துண்டை வட்டமாக வெட்டி லேத்தில் மாட்டுகிறார். உளியை வைத்து ஒரு பக்கம் பள்ளமும் மேடுமாகக் கடைகிறார், பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம். ஈர மரச்சுருள் அவர் முழங்கை வரை தெறிக்கிறது. பார்க்கிற நமக்கு அது வெறும் மர வளையம். அவருக்கும் உள்ளே இருக்கும் உருவம் கண்ணுக்குத் தெரியாது, கை சொல்வதை நம்பிக் கடைகிறார். முடிந்ததும் வளையத்தைக் கத்தி வைத்து ஆரவாக்கில் பிளக்கிறார். விழுகிற துண்டைத் திருப்பிக் காட்டினால் குதிரை. அடுத்த துண்டு, இன்னொரு குதிரை. ஒரே வளையத்திலிருந்து ஒரு மந்தையே வருகிறது. அப்புறம் காதைச் செதுக்கி, வாலை ஒட்டி, வர்ணம் பூசுவார்கள். நான் வர்ணம் பூசாத ஒன்று வாங்கினேன். அதற்குக் கொடுத்த காசில் ஒரு வாரம் சாப்பிடலாம் என்று அண்ணன் போனில் சொன்னான். கொடுத்தது சரியான விலை என்றே நினைக்கிறேன்.

16 டிசம்பர் 2024

அன்னாபெர்க் பற்றி எழுத விட்டுப்போயிற்று. கெம்னிட்ஸிலிருந்து சிறிய டீசல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். புனித அன்னாள் தேவாலயத்தில் 1521-ல் செய்த சுரங்கத் தொழிலாளர் பலிபீடம் இருக்கிறது. முன்பக்கம் எல்லாரும் பார்ப்பது. பின்பக்கம் போங்கள். தாதுவைத் தோண்டுகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், கழுவுகிற பெண்கள், நாணயம் அடிக்கிறவர் என்று வேலை செய்கிற சனங்களை வரைந்திருக்கிறார்கள்.

அதே ஊரில் ஆடம் ரீஸ் வீடும் உண்டு. 1559-ல் இறந்த கணக்கு வாத்தியார். அவர் காலத்தில் ஜெர்மன் வியாபாரிகள் கோடு போட்ட பலகையில் காசு நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள், ரோமன் எண்ணில் எழுதினார்கள். லத்தீன் தெரியாத சாதாரண ஆட்களுக்கு ஜெர்மனிலேயே புத்தகம் எழுதி, இந்தியாவிலிருந்து அரபிகள் வழியாக வந்த பத்து இலக்கங்களை வைத்துத் தாளில் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தவர் இவர். இன்றும் இங்கே கணக்குச் சரி என்று அடித்துச் சொல்ல இவர் பெயரைத்தான் இழுப்பார்கள். ஒரு மலையூரில், அரையிருட்டு அறையில், நம் சுழியம் நடந்து வந்த வழியைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாரிஸ் போன தோழர்கள் காட்டிய எந்தப் படமும் எனக்கு அதைத் தரவில்லை.

5 ஜனவரி 2025

மேலே அக்டோபரில் எழுதிய டிக்கெட் விலை மாறிவிட்டது. இந்த மாதத்திலிருந்து டாய்ச்லாண்ட் டிக்கெட் 58 யூரோ. மாணவர் விலை வரும் கோடை செமஸ்டரிலிருந்து 34.80. குறைந்தபட்சக் கூலியும் மணிக்கு 12.41-லிருந்து 12.82 யூரோ ஆகியிருக்கிறது. பழைய கணக்கைப் பார்த்து யாரும் திட்டம் போடாதீர்கள்.

6 ஜனவரி 2025

பகுதிநேர வேலை பற்றிக் கேட்ட தம்பிக்கு: 2024 மார்ச்சிலிருந்து நமக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. முன்பு 120, 240 ஆக இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது, முதலில் அதைத் தேடு. கிட்டங்கி வேலைக்கு வாரக்கடைசி ஷிஃப்ட் போகிறவர்கள் உண்டு, நானும் ஒரு குளிர்காலம் போனேன். சனி, ஞாயிறு இரண்டையும் விற்றுவிடாதே. ஒன்றை வைத்துக்கொள்.

19 ஜனவரி 2025

நேற்று எங்கள் ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகப் பொறுப்பேற்றது. 2025 முழுக்க நடக்கும். அந்தக் குளிரிலும் நகர நடுவில் சனம் நெரிந்தது. 1971-ல் வைத்த ஏழு மீட்டர் உயர கார்ல் மார்க்ஸ் தலை நிற்கிற இடம்தான் கூட்டத்துக்கு மையம். 1953 முதல் 1990 வரை இந்த ஊர் பேரே கார்ல் மார்க்ஸ் நகரம்.

கெம்னிட்ஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஜெர்மன்காரர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். நான் கோயம்புத்தூர்க்காரி. அங்கே தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றார்கள், இங்கே சாக்சனியின் மான்செஸ்டர் என்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழக நூலகம் 19-ஆம் நூற்றாண்டு நூற்பாலைக் கட்டடத்தில் 2020-ல் திறந்தது. என் தாத்தா மில்லில் வேலை பார்த்தவர். நூல் நூற்ற இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து நான் தீசிஸ் எழுதுகிறேன் என்றதும் தாத்தா கேட்ட முதல் கேள்வி, எத்தனை கதிர் ஓடிச்சாம் என்பதுதான். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

9 பிப்ரவரி 2025

பரீட்சை. மார்ச் வரை எழுதமாட்டேன். ரயிலும் கிடையாது.

2 மார்ச் 2025

முடிந்தது. இதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்த ஐயாவின் முதல் கேள்வியில் இருந்த கவலை நியாயமானது. இங்கே பல படிப்புகளில் ஒரு பாடத்தில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. நம் ஊர் அரியர் மாதிரி வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போக வழியில்லை. அதனால் ஜனவரி நடுவிலிருந்து பரீட்சை முடியும் வரை வெளியூர்ப் பேச்சே எடுக்கக்கூடாது, ஜூலையிலும் அப்படியே. உங்கள் மகன் பிப்ரவரியில் கோட்டை படம் போட்டிருந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.

16 மார்ச் 2025

கோர்லிட்ஸ் போய்வந்தோம். டிரெஸ்டனில் மாறவேண்டும். 1945-க்குப் பிறகு நைஸ் ஆறு எல்லையாகிவிட்டதால் ஒரே ஊர் இரண்டாகி, கிழக்குக் கரை போலந்தின் ஸ்கோஷெலெட்ஸ் ஆனது. போரின் கடைசி நாட்களில் தகர்ந்த பழைய பாலம் 2004-ல்தான் திரும்ப வந்தது, நடந்து போகிறவர்களுக்கு மட்டும். பாலத்தைத் தாண்டினால் ஸ்லோட்டி நாணயம், உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் அடைத்த பியரோகி என்ற கொழுக்கட்டை, பாதி விலையில் தேநீர்.

பாலத்தில் கேட் இல்லை என்பதால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஜெர்மனி தன் எல்லைகளில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதி அட்டையும் இரண்டும் வேண்டும். எங்கள் நாலு பேரில் என்னையும் தோழியையும் கேட்டார்கள், கூட வந்த ஜெர்மன் பெண்ணைக் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்துவிட்டு நல்ல நாளாகட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இருந்தாலும் ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. அந்த அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போகலாம். பிரிட்டனுக்கு அது செல்லாது, தனி விசா.

17 மார்ச் 2025

ஞாயிறு கடை மூடியிருக்கும் ஜெர்மனியிலிருந்து போலந்துக்கு ஷாப்பிங் போகலாமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். போலந்திலும் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகளைச் சட்டப்படி மூடிவிடுவார்கள். முதலாளியே நின்று நடத்தும் சின்னக் கடைகள்தான் திறந்திருக்கும். சனிக்கிழமை போங்கள்.

20 ஏப்ரல் 2025

பூஹன்வால்ட் நாஜி வதைமுகாம் பற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வார இறுதிப் பயணம் என்ற பட்டியலில் அதைச் சேர்க்கக் கூசுகிறது. ஆனால் இந்த நாட்டில் இரண்டு வருஷம் படித்துவிட்டு அங்கே போகாமல் ஊர் திரும்பக்கூடாது என்று நினைக்கிறேன்.

வைமார், கவிஞர் கெதே வாழ்ந்த ஊர். தோட்டங்கள், நாடக சாலை, எல்லாம் அழகு. ஸ்டேஷனிலிருந்து நகரப் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மலைமேல் வதைமுகாம் வாசல். 1937-ல் ஆரம்பித்தது. சுமார் 56,000 பேர் அங்கே செத்தார்கள். வாசல் கோபுரக் கடிகாரம் மூன்றே காலில் நிற்கிறது. 1945 ஏப்ரல் 11 அன்று விடுதலையான நேரம். இந்த மாதத்தோடு 80 வருஷம். கட்டணம் கிடையாது.

உள்ளே நிறையக் கட்டடங்களை எதிர்பார்க்காதீர்கள். கைதிகள் இருந்த கொட்டகைகள் இல்லை, அவை நின்ற இடத்தில் கருநிறச் சரளை. காற்று ஓயாமல் அடிக்கிறது. அணிவகுப்பு மைதானத்தில் தரையோடு தரையாக ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். கைதிகள் எந்தெந்த இனம், எந்தெந்த நாடு என்று அதில் எழுத்தாகப் பொறித்திருக்கிறது. வருஷம் முழுக்க அதை 37 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், மனித உடம்பின் சூடு. நான் கையுறையைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். மற்ற எல்லாம் சில்லிட்டுக் கிடக்கிற இடத்தில் அது மட்டும் யாரோ ஒருவர் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க முடியவில்லை.

போட்டோ எடுக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் நாங்கள் யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. போகிறவர்கள் அன்று வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள். வைமாரைப் பார்க்க இன்னொரு நாள் வாருங்கள்.

15 ஜூன் 2025

ஜெர்மனியில் ஹாம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போனாயா என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், போய்வந்தேன். ஹாம் நகரத்தின் யூன்ட்ராப் பகுதி, தொழிற்பேட்டைக்கு நடுவே ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பியது. 2002-ல் குடமுழுக்கு. ராஜகோபுரம் 17 மீட்டர். மே, ஜூனில் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவார்கள், காவடி, தேங்காய் உடைப்பு எல்லாம் உண்டு. தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில்.

உள்ளூர் ரயிலிலேயே போனால் லைப்சிக், ஹாலே, கஸ்ஸல் என்று மாறி மாறி எட்டு மணி நேரம் போல் ஆகும். பக்கத்து ஊர்தான் போகவேண்டும் என்று நான் சொல்லிவந்ததற்கு இது ஒன்றே விலக்கு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா, “எங்கயிருந்து பிள்ளை வாறீங்கள்?” என்று கேட்டார். சொன்னேன். “அவ்வளவு தூரமோ? தனியவோ? சாப்பிட்டனீங்களோ?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி அவர்கள் வீட்டிலேயே தங்கவைத்து, காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்து ஸ்டேஷனில் ஏற்றிவிட்டார்கள். படித்து முடித்து வேலை கிடைத்ததும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

22 ஜூன் 2025

முதல் கேள்வி கேட்ட ஐயா திரும்ப எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் மகனைப் பார்க்க வருகிறார்களாம், தாங்களும் அந்த டிக்கெட்டை வாங்கமுடியுமா என்று கேட்கிறார்.

வாங்கலாம் ஐயா, இந்த நாட்டில் குடியிருக்கவேண்டும் என்று விதி இல்லை. 2025-ல் ஆளுக்கு 58 யூரோ. ஆனால் அது மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிற சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அடுத்த மாதம் எடுக்கமாட்டார்கள். கணக்கு மாத முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை, அதனால் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வந்து சேர்ந்தால் லாபம். டிக்கெட் போனில் வரும், பரிசோதகர் பாஸ்போர்ட்டையும் கேட்பார். போனில் சார்ஜ் இருக்கட்டும், டிக்கெட்டைக் காட்ட முடியாமல் போனால் 60 யூரோ அபராதம் எழுதுவார்கள்.

மகனுக்கு ஜூலை பரீட்சை எப்போது முடிகிறது என்று கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள், பாஸ்டை படிகள் வேண்டாம். ராட்டனில் ஆற்றங்கரையிலேயே உட்காரலாம், அந்தப் படகில் போய்வரலாம். புளிக்காய்ச்சல் கொண்டுவாருங்கள், கொஞ்சம் கூடுதலாகவே. அவன் விடுதியில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.